கொச்சி வன டிராம்வே

பறம்பிக்குளம் காட்டின் தேக்கையும் ஈட்டியையும் சாலக்குடிக்கு இறக்குவதற்காக அன்றைய கொச்சி சமஸ்தானம் அமைத்த, ஏறத்தாழ 80 கி.மீ. நீள மீட்டர் கேஜ் பாதை இது. 1907இல் முழுமையாக ஓடத் தொடங்கி 1963இல் மூடப்பட்டது. எச்சங்கள் இன்னும் காட்டுக்குள் கிடக்கின்றன. நீராவி எஞ்சின் ஏற முடியாத செங்குத்துச் சரிவுகளில் எஃகு வடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டியையும் மறுமுனையில் காலி வண்டியையும் கட்டினார்கள். இறங்கும் பாரமே காலி வண்டியை மேலே இழுத்தது. ஆட்களின் பெரிய வேலை, பிரேக்கை விடாமல் பிடித்திருப்பது. அதாவது இந்த இயந்திரத்தில் பாதி, மலைச்சரிவு. வண்டியைப் பெயர்த்து நகரத்துக் கூடத்தில் வைத்தால் வெறும் இரும்புதான் மிஞ்சும். இத்தகைய தளவாடங்களுக்குத் திறந்தவெளிக் காட்சியகமே பொருந்தும்.

கோவையில் 1902 முதல் உள்ள காஸ் வன அருங்காட்சியகமும் 1995இல் தொடங்கிய நிலம்பூர் தேக்கு அருங்காட்சியகமும் மரத்தை அறிய நல்ல இடங்கள். ஆனால் மரம் மலையிறங்கிய பாட்டைக் கூரைக்குள் காட்டுவது கடினம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் உளியின் வேலை தெரியும், அதற்கு முந்தைய கோடரியும் வடமும் தெரியா.

மழையில் இரும்பு துருப்பிடிக்குமே என்பார்கள். உண்மைதான்; சிறு கருவிகளை உள்ளே வைத்து, பெரியவற்றுக்குக் கூரை போடலாம். பாதை மேட்டையோ எங்கும் தூக்கிப் போக முடியாது. பறம்பிக்குளம் புலிகள் காப்பகத்தில் கூட்டம் சேரலாமா என்ற கேள்வி இன்னும் வலுவானது. புதுச் சாலை போடத் தேவையில்லை: டாப்சிலிப் வழியாகப் பறம்பிக்குளம் சென்று கன்னிமாரா என்னும் பெரிய தேக்கு மரத்தைப் பார்ப்பவர்களுக்கு, வழிகாட்டியுடன் செல்லும் அதே பயணத்தில் டிராம்வேயின் எச்சங்களையும் காட்டினால் போதும். காட்டை அழித்த கருவிக்கு எதற்கு மரியாதை என்பது மூன்றாவது ஆட்சேபம். அதற்கான விடை அங்கேயே நிற்கிறது. பறம்பிக்குளத்தின் கணிசமான பகுதி இன்று இயற்கைக் காடு அன்று, வரிசையாக நட்ட தேக்குத் தோட்டம். தண்டவாள மேட்டையும் அந்த வரிசைகளையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு, எது போனது, அதன் இடத்தில் எது வந்தது என்பது விளங்கும். எஞ்சினை மட்டும் மெருகேற்றி வைக்கும் கூடத்தில்தான் அழிவு மறைந்துபோகும்.