பட்டைக்குள்ள எவ்வளவு இருக்கு? கொய்னாவை அளந்த கதை

வால்பாறைப் பக்கம் போனவங்களுக்கு 'சின்கோனா'ங்கிற ஊர்ப் பேர் தெரிஞ்சிருக்கும். மலேரியாவுக்குக் கொய்னா மருந்து எடுத்த மரத்தோட பேர் அது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில பிறந்த மரம். அதோட விதையை வெள்ளைக்காரங்க எப்படிக் கடத்திட்டு வந்தாங்கன்னு நிறைய பேர் சுவாரசியமா எழுதிட்டாங்க. எனக்கு அதைவிட முக்கியமாப் படுறது வேற ஒண்ணு: பட்டைக்குள்ள மருந்து எவ்வளவு இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க, அந்தக் கணக்கு யாரை வாழவச்சது?

ரெண்டு நூற்றாண்டு காலம் பட்டையை இடிச்சு, ஒயினில் கலக்கிக் குடிச்சாங்க. ஒரு பட்டை கேட்கும், இன்னொண்ணு கேட்காது. 1820ல் பாரீஸில் பெல்லெத்தியே, காவெந்து என்ற ரெண்டு மருந்தாளர்கள் மஞ்சள் பட்டையிலிருந்து குயினைனைத் தனியாகப் பிரிச்சாங்க.

பிரிக்கிற தத்துவம் எளிமையானதுதான். குயினைன் ஒரு ஆல்கலாய்டு, அதாவது காரகுணம் உள்ள பொருள். அமிலத்தோடு சேர்ந்தால் உப்பாகித் தண்ணியில கரையும். சுண்ணாம்பு மாதிரி காரம் போட்டால் தண்ணியை விட்டு வெளியே வந்துடும், சாராயத்திலயோ ஈதரிலயோ கரையும். இப்படி அங்கிருந்து இங்க, இங்கிருந்து அங்கன்னு மாத்தி மாத்தி எடுக்கும்போது பட்டையின் சாயமும் பிசினும் பின்தங்கிடும்.

ஆனா கடைசியில கிடைக்கிறது ஒரு பொருள் இல்ல. முக்கியமா நாலு: குயினைன், குயினிடைன், சின்கோனைன், சின்கோனிடைன். இவற்றில் குயினைன் சல்பேட் மட்டும் குளிர்ந்த தண்ணியில ரொம்பக் கொஞ்சமாத்தான் கரையும். அதனால சூடான கரைசலை ஆறவிட்டால் அதுதான் முதல்ல படிகமா இறங்கும். அதை வடிகட்டி, காயவச்சு, எடை போட்டா பட்டையோட மதிப்பு தெரிஞ்சுடும்.

இந்த எடை போடுற வேலையைத் தள்ளிப்போட்டா என்ன ஆகும்னு டச்சுக்காரங்க ஜாவாவில் பார்த்தாங்க. 1854ல் செடிகளைக் கொண்டுபோனாங்க. யுங்ஹூன் என்பவர் பொறுப்பில் 'பஹுதியானா' என்ற வகை பத்து லட்சத்துக்கும் மேல் பெருகியது. நல்லா வளர்ற மரம். ஆனா டெ ஃப்ரை என்ற வேதியியலாளர் பட்டையைச் சோதிச்சப்போ அதில் குயினைன் இருந்தது மிகச் சொற்பம். பத்து வருஷ உழைப்பு ஒரு தராசுத் தட்டில் விழுந்துபோச்சு.

நம்ம நீலகிரிக்கு வந்தது வேற வகை. 1860ல் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் ஈக்வடாரில் சேகரிச்ச செம்பட்டை மரம். ஊட்டியில் மெக்ஐவர் அதை அருமையா வளர்த்தார். பட்டை உரிச்ச இடத்தைப் பாசியால் மூடி, புதுப் பட்டை வளரவச்சு, மரத்தை வெட்டாமலே திரும்ப அறுவடை செஞ்சார். 1866ல் ஜான் பிராட்டன் என்ற வேதியியலாளரை அரசாங்கம் நீலகிரிக்கே அனுப்பியது. செம்பட்டையில் மொத்த ஆல்கலாய்டு நிறைய உண்டு. ஆனா அதில் பெரும்பங்கு சின்கோனிடைன், குயினைன் குறைவு. சந்தையில் விலை குயினைனுக்குத்தான்.

அப்போ மத்த மூணும் வேஸ்டா? அதே 1866ல் இந்தியாவில் அரசு ஆணையங்கள் அமைச்சு, நாலையும் தனித்தனியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. மொத்தம் 2,472 பேர். 98 சதவீதத்துக்கும் மேல் தேறினாங்க. நாலில் பலவீனமான சின்கோனைன்கூட நூத்துக்கு 97 பேரைக் குணப்படுத்தியது. அந்தக் காலத்துக்கு இது அசாதாரணமான ஆய்வு. ஆனாலும் சந்தை அசையல.

காரணம், ஜாவாவுக்கு அதிர்ஷ்டம் திரும்பியிருந்தது. 1865ல் சார்லஸ் லெட்ஜர் என்ற வியாபாரி பொலிவிய விதையை டச்சுக்காரங்களுக்கு வித்தார். அந்த விதையைப் பொறுக்கித் தந்தவர் மானுவேல் இன்க்ரா மாமானி என்ற பழங்குடி. அடுத்த தடவை விதை எடுக்கப் போனப்போ பிடிபட்டு, சிறையில் அடிவாங்கி, அதனாலேயே செத்துப்போனார். 1872ல் ஜாவாவில் அந்த மரங்களைச் சோதிச்சாங்க. சிலதில் குயினைன் 10 சதவீதத்தையும் தாண்டியது. இந்தத் தடவை டச்சுக்காரங்க ஒவ்வொரு மரத்தையும் அளந்து, சிறந்ததை மட்டும் ஒட்டுப்போட்டுப் பெருக்கினாங்க. உலகக் குயினைன் சந்தை அவங்க கைக்குப் போச்சு.

அளவு துல்லியமா இருந்தா மட்டும் போதாது, எதை அளக்கிறோம்ங்கிறதும் முக்கியம்னு இந்தக் கதையை வாசிச்சதும் எனக்குத் தோணுச்சு. குயினைனை மட்டும் எடை போட்டா ஜாவா பட்டை தங்கம், ஊட்டிப் பட்டை ரெண்டாந்தரம். எத்தனை பேருக்குக் காய்ச்சல் நின்னுச்சுன்னு எண்ணினா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

இதைச் சிலர் புரிஞ்சுக்கிட்டாங்க. வங்காளத்தில் 1870களிலேயே நாலையும் பிரிக்காம, கலவையாவே மலிவான மருந்து தயாரிச்சாங்க. 1930களில் சர்வதேச சங்கத்தின் மலேரியா குழு அதே யோசனையை 'டோட்டாகினா'ங்கிற பேரில் தரப்படுத்தியது: படிகமாகும் ஆல்கலாய்டு குறைஞ்சது 70 சதவீதம், அதில் குயினைன் 15 இருந்தா போதும். சுத்தமான குயினைன் வாங்க முடியாத ஏழை நாடுகளை மனசுல வச்சு எழுதின கணக்கு அது.

இந்தியாவின் காய்ச்சல்காரங்க 1860களிலேயே அதை நிரூபிச்சிருந்தாங்க. உலகம் ஒத்துக்க அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு.