கைக்கு வந்த மூன்று நூல்கள்: திருத்தணி வட்டாரத்தில் படிப்புத் தேர்வு நடந்த விதம்

திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1937-இல் ‘மை சர்ச் ஃபார் ட்ரூத்’ என்றொரு தன்வரலாற்றுக் கட்டுரை எழுதினார். தாம் தத்துவம் படிக்க நேர்ந்த கதையை அதில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார். பதினேழு வயதில், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில், கணிதம், இயற்பியல், உயிரியல், தத்துவம், வரலாறு ஆகிய ஐந்தில் எதை எடுப்பது என்று தடுமாறிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு பட்டம் பெற்ற உறவினர் ஒருவர் தம் தத்துவப் பாடநூல்களை அவரிடம் கொடுத்தார். அதோடு தேர்வு முடிந்தது. இந்தச் செய்தியை நான் அப்படியே ஏற்கிறேன். இதற்கு அவரே தரும் விளக்கத்தைத்தான் ஏற்க இயலவில்லை. மேலுக்குத் தற்செயலாகத் தோன்றினாலும், தம் வாழ்வை உருவாக்கிய இத்தகைய தற்செயல்களின் பின்னே கண்ணுக்குப் புலப்படாத ஒன்று இருப்பதாக அவர் கருதுகிறார்.

இது எந்த ஆண்டில் நடந்தது? அரசு ஏற்றுக்கொண்ட பிறந்தநாள் 1888 செப்டம்பர் 5. அவர் மகனும் வரலாற்றாசிரியருமான எஸ். கோபால், தாம் பிறந்தது 1887 செப்டம்பர் 20 என்றே தந்தையார் நம்பியதாகக் குறிப்பிடுகிறார். முதல் கணக்கில் பதினேழு வயது 1905 செப்டம்பரில் தொடங்கும். இரண்டாவது கணக்கில் அது ஓராண்டு முந்தும். வேலூர் ஊரீசுக் கல்லூரியிலிருந்து அவர் சென்னைக்கு வந்தது 1904-ஐ ஒட்டி என்பதால் இரண்டாவது கணக்குக்கே என் மனம் சாய்கிறது. ஆயினும் முப்பது ஆண்டுக்குப் பின் நினைவிலிருந்து எழுதிய வயதை வைத்து ஆண்டை உறுதிசெய்வது முறையாகாது. 1904-க்கும் 1906-க்கும் இடைப்பட்ட காலம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆண்டைவிட அந்த மூன்று நூல்கள் முக்கியமானவை. ஸ்டௌட்டின் உளவியல், வெல்ட்டனின் தருக்கவியல், மெக்கென்ஸியின் அறவியல் என்று அவரே பெயர் சொல்கிறார். உளவியல், தருக்கம், அறம் என்ற மூன்றும் சேர்ந்தால் அன்றைய தத்துவப் பட்டப்படிப்பின் பெரும்பகுதி வந்துவிடும். ஆக, அந்த உறவினர் கொடுத்தது ஒரு படிப்பின் உள்ளமைப்பையே. ஐந்து வாசல்களில் ஒன்று மட்டும் திறந்து உள்ளே இருப்பது தெரிந்தது. மற்ற நான்கும் பெயர்ப் பலகையோடு மூடிக் கிடந்தன. அவரிடம் ஐந்து பெயர்கள் இருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றின் உள்ளடக்கம் மட்டுமே இருந்தது. தடுமாற்றம் ஏன் அவ்வளவு எளிதில் தீர்ந்தது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்பது என் வாதம்.

ஆசிரியர் தினத்தன்று பள்ளிகளில் சொல்லப்படும் கதையில் இந்த விவரங்கள் உதிர்ந்துவிடுகின்றன. ஏழை மாணவர், புத்தகம் வாங்கப் பணமில்லை, இலவசமாகக் கிடைத்ததைப் படித்தார் என்று கதை முடிகிறது. குடும்பம் வசதியற்றது என்பது உண்மையே. தந்தையார் ஜமீன் வருவாய்ப் பணியில் கீழ்நிலை ஊழியர். ஆனால் 1937 வாக்கியத்தின் எடை வறுமையின் மேல் விழவில்லை. ஐந்து பாடங்களின் பட்டியலும் மூன்று நூல்களின் பெயரும் அதில் இருக்கின்றன. கதை வடிவத்தில் இவை இரண்டும் காணாமற்போய்விட்டன. வறுமை என்ற விளக்கம் மாணவனின் பணப்பையோடு நின்றுவிடும். பட்டியலைக் கவனித்தால் அவனுக்கு எட்டிய தகவலைப் பற்றிக் கேட்கத் தோன்றும்.

ராதாகிருஷ்ணனின் விளக்கத்துக்கும் ஒரு சூழல் உண்டு. அக்கட்டுரை ‘ரிலிஜன் இன் ட்ரான்ஸிஷன்’ என்ற தொகுப்புக்காக எழுதப்பட்டது. சமயச் சிந்தனையாளர்கள் தத்தம் வாழ்வை எடுத்துரைக்கும் தொகுப்பு அது. அங்கே வாழ்வின் திருப்பங்களில் பொருள் தேடுவது இயல்பு. அந்த நம்பிக்கையை நான் மறுக்கவில்லை. ஆனால் அது வென்றவரின் பார்வை. அதே ஆண்டில் பட்டம் பெற்ற உறவினர் இல்லாத பையனுக்கு அந்தத் தற்செயல் நேர்ந்திருக்காது. பட்டதாரி உறவினர் இருப்பதோ இல்லாததோ அன்றைய சென்னை மாகாணத்தில் பெரும்பாலும் சாதியும் குடும்பமும் தீர்மானித்த ஒன்று.

இங்கே அம்மையார்குப்பத்தை எதிர்நிறுத்துகிறேன். இந்த இடத்தில் சான்று மெலிந்தது, ஊகம் கூடியது என்பதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன். திருத்தணிக்கு அருகே, ஆர்.கே.பேட்டை ஒன்றியத்தில் உள்ள இவ்வூர் தறியால் வாழ்ந்த ஊர். இன்று விசைத்தறி ஓசை கேட்கும் ஊர். நெசவுக் குடும்பத்துப் பிள்ளைக்குத் தார் சுற்றுவதும் பாவு ஓட்டும்போது உடன் நிற்பதும் பள்ளிக்கு முன்பே அறிமுகம். அந்தப் பிள்ளைக்கும் ஒரே ஒரு வாசல்தான் திறந்திருந்தது. ராதாகிருஷ்ணனுக்கு மூன்று நூல்கள் செய்ததை இங்கே தறி செய்தது. இரு தேர்வுகளும் ஒரே வகையானவை என்று துணிந்து சொல்வேன். ஒன்றைத் தெய்வச் செயல் என்றும் மற்றொன்றைக் குலத்தொழில் என்றும் பெயரிட்டுப் பிரித்தது நம் வழக்கம்.

1953-இல் இந்த வழக்கம் அரசுக் கொள்கையாகவே மோதலுக்கு வந்தது. ராஜாஜியின் தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றது. இருக்கும் ஆசிரியர்களைக் கொண்டு கூடுதல் பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவரலாம் என்பது அவர் தரப்பு நியாயம். குலக்கல்வித் திட்டம் என்ற பெயரோடு அது எதிர்ப்பைச் சந்தித்தது. 1954-இல் முதல்வரான காமராசர் அதைக் கைவிட்டார். அதே 1953 ஆகஸ்டில், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு தன் அறிக்கையை அளித்தது. பள்ளிதோறும் பயிற்சி பெற்ற வழிகாட்டி அலுவலரும் தொழில் வழிகாட்டும் ஆசிரியரும் படிப்படியாக வரவேண்டும் என்று அது பரிந்துரைத்தது. பல தொழில்களில் வேலை எப்படி நடக்கிறது என்பதைத் திரைப்படமாக எடுத்து மாணவருக்குக் காட்டவேண்டும், தொழிற்கூடங்களுக்கே நேரில் அழைத்துச் செல்லவேண்டும் என்பதும் அதன் பரிந்துரை. மூடிய நான்கு வாசல்களையும் திறந்து காட்டச் சொன்ன முதல் அரசு ஆவணங்களில் ஒன்றாக இதைக் கருதுகிறேன்.

இந்த வாதம் நடந்த ஆண்டிலேயே திருத்தணி மாநிலம் மாறியது. சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து 1953 அக்டோபர் 1-இல் ஆந்திரத்துக்குப் போய், எல்லைத் தகராறில் படாஸ்கர் அளித்த தீர்ப்பின் வழியே 1960 ஏப்ரல் 1-இல் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது.

அதன்பின் வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். கோத்தாரிக் குழு 1966-இல் பத்துப் பள்ளிகளுக்கு ஒரு வருகை ஆலோசகர் போதும் என்று கணக்கைச் சுருக்கியது. 1978-இல் தமிழகத்தில் மேல்நிலை வகுப்புகள் வந்தபோது தொழிற்பிரிவும் சேர்ந்து வந்தது. ஆனால் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணே ‘ஃபர்ஸ்ட் குரூப்’பையும் மற்றவற்றையும் பங்கிட்டுக் கொடுத்தது. 2022 மார்ச் 1-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் அதே ஆண்டின் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகளும் பட்டியலை முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு விரித்தன. அரசுப் பள்ளி மாணவருக்கு இது பெரும் பேறு; இதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பட்டியல் ராதாகிருஷ்ணன் படித்த காலத்திலும் இருந்தது. அன்றைய மாணவருக்கு எட்டாதது, படிப்புகளின் உள்ளடக்கத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு.

ஆந்திர எல்லையை ஒட்டிய இவ்வட்டாரத்தில் இந்தக் குறை இன்னும் கூர்மையாகிறது. தமிழகத்தில் பொறியியல் சேர்க்கைக்கு 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே கணக்கு. எல்லைக்கு அப்பால் நகரியிலோ புத்தூரிலோ படிக்கும் சித்தி மகன் ஆந்திரப் பொது நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கிறான். அங்கே உள்ளூர் மாணவர் என்ற தகுதி பெரிதும் படித்த இடத்தைப் பொறுத்தது. அவன் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் வழிகாட்டி நூலும் தேதிக் குறிப்பும் அம்மையார்குப்பத்துப் பெண்ணுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. உறவினர் வழியே தகவல் வரும் பழக்கம் அப்படியே தொடர்கிறது; கைமாறும் நூல்கள் வேறு மாநிலத்துக்கு உரியவையாகிவிட்டன.

ஆகவே இவ்வட்டாரப் பள்ளிகளில் வழிகாட்டும் ஆசிரியர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. ஒரு மாணவி ஐந்து படிப்புகளின் பெயரைச் சொன்னால், ஐந்துக்கும் முதலாண்டுப் பாடநூல் ஒவ்வொன்றை மேசைமேல் வையுங்கள். எத்தனை ஆண்டு, எவ்வளவு கட்டணம், எந்த மாநிலத்துத் தேர்வு, முடித்தவர் எங்கே வேலை செய்கிறார் என்பதை ஐந்துக்கும் ஒரே தாளில் அவளே எழுதட்டும். வீட்டுத் தறிக்கும் அதே தாளில் ஆறாவதாக ஒரு கட்டம் போடட்டும்: கூலி, நாள் கணக்கு, முதலீடு என்று.