பிள்ளைகளின் மனச்சோர்வும் செரோடோனினும்

"மூளையில் செரோடோனின் குறைந்தால் மனச்சோர்வு வரும்" என்று பலரும் சொல்லக் கேட்டிருப்போம். விஷயம் அவ்வளவு எளிதல்ல.

1948-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் ஆகியோர் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஒரு பொருளை இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து, அதற்குச் செரோடோனின் என்று பெயரிட்டனர். மூளையிலும் அது இருப்பதை 1953-ல் பெட்டி ட்வாரோக் காட்டினார். உடலிலுள்ள செரோடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. அது மூளைக்குள் நுழைய முடியாது. உணவிலுள்ள டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டு மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. வாழைப்பழத்தில் செரோடோனின் இருப்பதாக வாட்ஸ்அப்பில் வருவது உண்மைதான். ஆனால் அது மூளைக்குப் போய்ச் சேராது. இரத்தப் பரிசோதனை செய்து மனச்சோர்வைக் கண்டறியவும் முடியாது.

ஒரு நரம்பணு வெளியிடும் செரோடோனினை அதுவே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஃபுளூவாக்செடின் போன்ற மருந்துகள் இதைச் சில மணி நேரத்திலேயே தடுக்கின்றன. ஆனால் மனம் தேறுவதற்குப் பல வாரங்கள் ஆகின்றன. வெறும் பற்றாக்குறைதான் காரணம் என்றால் இந்தத் தாமதம் ஏன்? 2022-ல் வெளியான ஒரு விரிவான ஆய்வுத் தொகுப்பும், செரோடோனின் குறைவே காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. அதற்காக மருந்தே பயனற்றது என்று சொல்லிவிட முடியாது.

வளரும் மூளையில் நரம்பு இணைப்புகள் உருவாவதிலும் செரோடோனினுக்குப் பங்குண்டு. பெரியவர்களுக்குப் பலன் தந்த பழைய டிரைசைக்ளிக் மருந்துகள் சிறுவர்களுக்குப் பெரிதாக உதவவில்லை. ஃபுளூவாக்செடினை 8 வயதுக்கு மேற்பட்டோருக்கு அமெரிக்கா 2003-ல் அனுமதித்தது. 12 முதல் 17 வயதுக்குட்பட்ட 439 பேரிடம் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், மருந்தும் உளவியல் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 சதவீதத்தினர் தேறினர். மருந்து மட்டும் பெற்றவர்களில் சுமார் 61, போலி மாத்திரை பெற்றவர்களில் சுமார் 35 சதவீதம்.

அதே ஆண்டு ஓர் எச்சரிக்கையும் வந்தது. இவ்வகை மருந்து உட்கொண்ட சிறுவர்களில் 100-க்கு 4 பேரிடம் தற்கொலை எண்ணமோ முயற்சியோ காணப்பட்டது. போலி மாத்திரை பெற்றவர்களில் 2 பேரிடம். அந்தச் சோதனைகளில் எவரும் இறக்கவில்லை. ஆனாலும் முதல் சில வாரங்கள் பிள்ளையைக் கூர்ந்து கவனியுங்கள். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள்.

பிள்ளைகளிடம் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வெளிப்படுவதில்லை. எரிச்சல், தூக்கக் கேடு, பசியின்மை, காரணம் தெரியாத வயிற்றுவலி, விளையாட்டில் நாட்டமின்மை என வரலாம். நாம் அதைத் திமிர் என்றோ சோம்பல் என்றோ திட்டிவிடுகிறோம். இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் உதவி எண் 14416, எந்நேரமும் இலவசம்.