எட்டு கிலோமீட்டர் யாருக்கு?

2023 நவம்பர் 4-ஆம் தேதி தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் நகருக்குள் எட்டு கிலோமீட்டருக்கு ஒரு நடைபயிற்சிப் பாதை. மர நிழல், உட்கார பெஞ்ச், குடிக்கத் தண்ணீர், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று சொல்லும் பலகை. எட்டு கிலோமீட்டர் நடந்தால் சுமார் பத்தாயிரம் அடி ஆகும் என்பது கணக்கு. (இந்தப் பத்தாயிரம் மருத்துவர்கள் ஆராய்ந்து சொன்ன எண் அல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து பரவியது.) திட்டத்தைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சேரியையும் விட்டுவைக்கவில்லை.

ஆனால் அதே ஆண்டு மே மாதத்தை நாம் மறக்க முடியாது. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஒன்றியத்தில், ஜவ்வாது மலைத் தொடரில் உள்ள அல்லேரி. அங்கே அத்திமரத்துக்கொல்லை என்ற குக்கிராமத்தில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாததால் குழந்தையை நேரத்துக்கு மருத்துவமனை சேர்க்க முடியவில்லை, வழியிலேயே இறந்தது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலை ஏற்றிவந்த ஆம்புலன்ஸாலும் மேலே போக முடியவில்லை. இறக்கிவிட்டுத் திரும்பியது. குழந்தையின் உடலைச் சுமந்துகொண்டு தாய் பல கிலோமீட்டர் நடந்தார்.

அந்த மாவட்டத்துக்கும் ஆறு மாதம் கழித்து ஓர் எட்டு கிலோமீட்டர் பாதை வந்தது, நகரத்தில்.

இன்று ஷூ கட்டிக்கொண்டு காலையில் மெல்ல ஓடுவது உலகெங்கும் சாதாரணம். இந்தப் பழக்கத்துக்கு அறுபது சொச்சம் ஆண்டுகள்தான் வயது. நியூசிலாந்தின் பயிற்சியாளர் ஆர்தர் லிட்யார்ட் ஆக்லாந்தில் நடுத்தர வயதுக்காரர்களைக் கூட்டி ஓடவைத்தார். 1962-இல் அங்கே போய்ப் பார்த்த பில் பவர்மேன் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார், 1967-இல் அது புத்தகமாகவும் வந்தது. ஓடுகிறவர்களுக்காகப் பூங்காவும் பாதையும் பிறகு வந்தன. அந்த அமெரிக்காவில்தான் 2020 பிப்ரவரி 23 அன்று, ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு குடியிருப்புத் தெருவில் ஓடிக்கொண்டிருந்த அகமது ஆர்பெரி என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞரை மூன்று வெள்ளையர்கள் வண்டிகளில் துரத்திச் சுட்டுக் கொன்றார்கள். திருடனென்று நினைத்தோமென்றார்கள். வீடியோ வெளியே வந்த பிறகுதான் கைதே நடந்தது. ஓட்டம் ஒன்றுதான், ஆனால் ஓடுகிற உடல் யாருடையது என்று பார்க்கிற கண் எல்லா நாட்டிலும் இருக்கிறது.

நம் மண்ணில் ஓடுவதற்கு முன்னால் நடப்பதற்கே போராட வேண்டியிருந்தது. 1893-இல் திருவிதாங்கூரில் அய்யங்காளி பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டிப் போனதை ஒரு கலகமாகவே பார்த்தார்கள். வைக்கம் போராட்டம் என்றதும் பலரும் அது கோயில் நுழைவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். கேட்டது அதுகூட இல்லை. கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமையைத்தான் கேட்டார்கள். 1924 மார்ச் 30-இல் தொடங்கியது. பெரியார் இரண்டு முறை சிறை போனார். 1925 நவம்பரில் முடிந்தபோதும் கிழக்குத் தெரு திறக்கவில்லை, மற்ற மூன்றுதான் திறந்தன.

அதே 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், அரசுக் கட்டடம் எதிலும் தாழ்த்தப்பட்டவர்களைத் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். வைக்கத்தைப் பாடத்தில் படிக்கிற நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எங்களுக்கே முதுகலைப் படிப்பில் யாரும் சொல்லித்தரவில்லை, பிறகு தேடித்தான் படித்தோம். அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவில் கிணறு, குளம், படித்துறையோடு சாலையும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒரு நாட்டின் மூலச் சட்டத்தில் 'இவர்களும் சாலையில் போகலாம்' என்று எழுத வேண்டிவந்தது எதனால் என்று யோசியுங்கள்.

எழுதிய பிறகும் சுவர்கள் எழுந்தன. உத்தப்புரம் சுவரில் ஒரு பகுதியை இடிக்க 2008 மே மாதம் வரை காத்திருந்தோம். ஜவ்வாது மலையிலிருந்து அதிக தூரமில்லாத வாணியம்பாடி பக்கம், நாராயணபுரத்தில், 2019 ஆகஸ்டில் நடந்தது இன்னும் கொடுமை. சுடுகாட்டுக்குப் போகும் வழி அடைபட்டுக் கிடந்ததால், இறந்துபோன தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது.

சென்னையில் கதை வேறு மாதிரி. கூவம் சீரமைப்பில் கரையோரம் நடைபாதையும் பூங்காவும் உண்டு. அந்தக் கரையில் தலைமுறைகளாகக் குடியிருந்த பல ஆயிரம் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் போனார்கள். நடக்கப் பாதை வரும்போது குடிசை போய்விடுகிறது. விடியற்காலையில் அந்த நடைபாதைகளைப் பெருக்குகிற கைகள் யாருடையவை என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

மலைக்குத் திரும்புவோம். ஜவ்வாது மலை மக்கள் மலையாளி பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டாம், மலையை ஆள்பவர் என்றுதான் பொருள் சொல்கிறார்கள். அவர்கள் தலித்துகள் அல்ல. அவர்களைத் தடுப்பது ஊர்த்தெருச் சுவரும் அல்ல, 'வனத்துறை நிலம்' என்ற ஒரு சொல். பாதை வேண்டுமென்று மனு கொடுத்தால் காடு என்பார்கள். ஆனால் இதே மலையில் காவலூர் இருக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடியை அங்கே கொண்டுபோக வழி இருந்தது.

சட்டத்திலும் வழி இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு பள்ளி, அங்கன்வாடி, சாலை உள்ளிட்ட 13 வசதிகளுக்கு வன நிலத்தைத் தரலாம் என்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராமசபை பரிந்துரை கட்டாயம். தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தின் கீழ் பட்டா வழங்குவதே 2008-இல் உயர்நீதிமன்றம் இட்ட இடைக்கால ஆணையால் 2016 வரை முடங்கிக் கிடந்தது. அதன் பிறகும் பல ஊர்களில் கிராமசபையில் இந்தப் பிரிவை வாசித்துக் காட்ட ஆளில்லை. வார இறுதியில் பீமன் அருவி பார்க்க மலையேறும் நண்பர்கள் நகலெடுத்து ஒரு தாள் கொண்டுபோனாலே போதும்.

நாங்கள் மலைக்குப் போகும் நாட்களில் உண்டு உறைவிடப் பள்ளிக்குத் திங்கட்கிழமை காலையில் திரும்பும் பிள்ளைகளோடு சேர்ந்து நடப்பதுண்டு. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார்கள், சரளைக்கல்லில் அறுந்துவிடுமென்று. இறக்கம் வந்தால் நடக்க மாட்டார்கள், ஓடுவார்கள். எங்களால் ஈடுகொடுக்க முடியாது. கீழே போய் நின்று திரும்பிப் பார்த்து, 'வாங்கக்கா, பெல் அடிச்சிருவாங்க' என்று கத்துவார்கள்.