தோழர் கணபதியைத் தூக்கிலிட்ட சட்டம்

1949-ம் ஆண்டு மே மாதம் 4-ம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தோழர் எஸ். ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். கைத்துப்பாக்கியும் சில குண்டுகளும் வைத்திருந்தார் என்பதே குற்றம். கொலைக் குற்றம் எதுவும் அவர்மீது சாட்டப்படவில்லை.

யாம் ஈண்டு நோக்க வேண்டுவது துப்பாக்கியை அன்று, தேதிகளை. கணபதி அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்தவர். தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் இனபேதமின்றித் திரண்டிருந்த அச்சம்மேளனத்தை, 1948 ஜூன் மாதத்தில் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தி அழித்தனர் காலனி சர்க்கார். அவசரகாலப் பிரகடனமோ அதற்குச் சில நாட்கள் பின்னரே வந்தது. அவசரகாலத்தினாற்றான் சம்மேளனம் கலைந்தது என்பார்க்கு நாட்காட்டியே மறுப்பு. தோட்டத்துக் கிராணிமார் பலர் அன்று துரைமார் பக்கமே நின்றனர் என்பதை, அவ்வுத்தியோகத்திலிருக்கும் யாமே ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

சங்கம் போயிற்று, தலைவர்கள் காட்டிற்குள் ஒளிந்தனர், ஆயுதம் வைத்திருந்தாலே மரணம் என்றது அவசரகாலச் சட்டம். 1949 மார்ச்சில் கணபதி பிடிபட்டார்; அம்மாதமே தீர்ப்பும் முடிந்தது. இந்திய சர்க்கார் உயிர்ப்பிச்சை கேட்டும் பயனில்லை. அதே வாரத்தில் அவர்தம் தோழர் வீரசேனனைப் படையினர் சுட்டுக் கொன்றனர்.

புடு சிறையை 2010-ல் இடிக்கத் தொடங்கினர். அவ்விடத்தில் இன்று பேரங்காடி ஒன்று நிற்கின்றது.