வயிற்றுப் பசியா, மனப் பசியா? சிகாமட் குடும்பங்களுக்கு ஒரு சமையலறைக் குறிப்பு

சிகாமட்: "பசியாறிட்டீங்களா?" என்றுதான் நம் வீடுகளில் நலம் விசாரிப்பே தொடங்குகிறது. ஆனால், நாம் சாப்பிடும் ஒவ்வொரு முறையும் பசிக்காகத்தான் சாப்பிடுகிறோமா?

மாதக் கடைசியில் கையில் காசு குறையும்போதும், பிள்ளைக்கு எஸ்பிஎம் தேர்வு நெருங்கும்போதும், ஆற்றில் நீர் ஏறுகிறது என்று தகவல் வரும் இரவிலும் கை தானாகவே பிஸ்கட் டின்னைத் தேடும். மன அழுத்தத்தால் உண்ணும் இந்தப் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இதை யாரும் பெருந்தீனி என்று கேலி செய்யத் தேவையில்லை. இது உடம்பின் இயல்பான எதிர்வினைதான். ஆனால் கவனிக்காமல் விட்டால் நமக்குப் பெரிய விலை வைக்கும்.

நமக்கு ஏன் இது முக்கியம்?

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, அதாவது இனிப்பு நீர், இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. கிட்டத்தட்ட மூவரில் ஒருவர். 2023ஆம் ஆண்டு ஆய்வில், பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கூடுதல் எடையுடனோ உடற்பருமனுடனோ இருப்பது தெரியவந்தது. மனச்சோர்வு உள்ளவர்களின் விகிதமும் 2019ஐக் காட்டிலும் இரு மடங்காகி 4.6 விழுக்காட்டைத் தொட்டது.

நம் மாவட்டம் இதில் தனிக் கவனம் பெற்ற இடம். மோனாஷ் பல்கலைக்கழகம் 2011 முதல் சிகாமட்டில் சமூக சுகாதார ஆய்வு மையம் ஒன்றை நடத்தி வருகிறது. பெக்கோக், சாஆ, கெமெரே, ஜாபி, சுங்கை சிகாமட் ஆகிய 5 முக்கிம்களில் அதன் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம், சீனி அளவு, எடை ஆகியவற்றைப் பதிவு செய்துள்ளனர். உங்கள் வீட்டுக் கதவையும் தட்டியிருக்கலாம்.

உடம்பில் நடப்பது என்ன?

திடீர் பயம் வந்தால் பசி அடங்கிவிடும். ஆனால் கவலை நாள்கணக்கில் நீடித்தால் உடம்பில் கார்ட்டிசோல் என்ற சுரப்பு கூடுகிறது. அது பசியைத் தூண்டி, இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் தேட வைக்கிறது. தூக்கம் குறைந்தாலும் பசியைக் கூட்டும் சுரப்பு ஏறி, போதும் என்று சொல்லும் சுரப்பு இறங்குகிறது. இரவு ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இனிப்பு தரும் ஆறுதல் சிறிது நேரம்தான். பிறகு "ஏன் தின்றோம்" என்ற குற்ற உணர்வும் கவலையோடு சேர்ந்துகொள்கிறது.

வித்தியாசம் கண்டுபிடிப்பது எப்படி?

• வயிற்றுப் பசி மெல்ல மெல்ல ஏறும். மனப் பசி திடீரென்று வரும்.
• வயிற்றுப் பசிக்குச் சோறும் ரசமும் போதும். மனப் பசி குறிப்பிட்ட ஒன்றைத்தான் கேட்கும்: சாக்லேட், முறுக்கு, மேகி மீ.
• வயிறு நிறைந்தால் வயிற்றுப் பசி அடங்கும். மனப் பசி வயிறு முட்டினாலும் நிற்காது.

முன்பு உண்டது செரித்ததா என்று அறிந்து உண்ண வேண்டும் என்பதைத் திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்திலேயே வைத்திருக்கிறார். பசியைச் சோதித்துப் பார்ப்பது நமக்குப் புதிய பாடமல்ல.

சமையலறையில் செய்யக்கூடியவை

மனம் சோர்ந்த நேரத்தில் யாருக்கும் சமைக்கத் தோன்றாது. அப்போது கைக்கு எட்டுவதைத்தான் சாப்பிடுவோம். ஆகவே நல்ல உணவை முன்கூட்டியே கைக்கெட்டும் இடத்தில் வைப்பதுதான் வழி.

தட்டு: சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறைப்படி, தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு, மீதிப் பாதி காய்கறியும் பழமும். நம் வீடுகளில் பெரும்பாலும் சோறுதான் பாதித் தட்டைப் பிடிக்கிறது. சோற்றை ஒரு கரண்டி குறைத்து, கீரையை ஒரு கரண்டி கூட்டுவதில் தொடங்கலாம்.

முருங்கைக்கீரைப் பருப்பு (4 பேருக்கு): ஒரு கப் துவரம்பருப்பை மஞ்சள்தூள், 4 பல் பூண்டுடன் குழைய வேகவையுங்கள். உருவிய கீரை இரண்டு கைப்பிடி சேர்த்து 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, சீரகம், காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம் தாளித்துக் கொட்டி, கடைசியில் உப்புப் போடுங்கள். கீரை பல வீடுகளில் கொல்லையிலேயே இருக்கிறது.

மாலை நேரம்: வேலை முடிந்து வரும் அந்த ஒரு மணி நேரம்தான் ஆபத்தானது. முந்தைய இரவு ஊறவைத்து அவித்த கொண்டைக்கடலை, அவித்த முட்டை, கொய்யா, உப்புக் குறைத்த மோர் ஆகியவற்றில் ஒன்றைத் தயாராக வையுங்கள். முறுக்கு டின்னை மேல் அலமாரிக்கு மாற்றிவிடுங்கள்.

தேநீர்: ஒரு தேக்கரண்டி சீனி சுமார் 5 கிராம். த்ரீ-இன்-ஒன் பாக்கெட்டில் எழுதியிருக்கும் சீனி அளவை 5ஆல் வகுத்தால், எத்தனை கரண்டி குடிக்கிறீர்கள் என்பது தெரியும். ஒரு நாளைக்கு 50 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். டின் பாலை வாரம் அரைக் கரண்டியாகக் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிவிடும்.

மதிய உணவைத் தவிர்க்காதீர்கள். மதியம் பட்டினி கிடப்பவர்தான் இரவில் அளவின்றிச் சாப்பிடுகிறார். பிடித்த பலகாரத்தை அடியோடு விலக்கினாலும் ஆசை கூடவே செய்யும். சிறு தட்டில் எடுத்து, உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்துவிடுங்கள்.

பத்து நிமிட இடைவெளி

பசியில்லாமல் கை டின்னைத் தேடினால் ஒரு குவளைத் தண்ணீர் குடித்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். வீட்டைச் சுற்றி நடக்கலாம், அக்காவுக்கோ தோழிக்கோ போன் செய்யலாம். அதன் பிறகும் வேண்டும் என்றால் சாப்பிடுங்கள். அதில் தவறில்லை.

வீட்டில் சமைப்பவரையும் கவனிக்க வேண்டும். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, பிள்ளைகள் மிச்சம் வைத்ததை நின்றபடி சாப்பிடும் அம்மாக்கள் எத்தனை பேர்! வாரம் இரண்டு நாளாவது காய் நறுக்குவதையும் பாத்திரம் கழுவுவதையும் மற்றவர்கள் ஏற்றுக்கொண்டு, அவரையும் உட்கார வைத்துச் சேர்ந்து சாப்பிடுங்கள். அவருடைய பாரம் பாதி குறையும்.

எப்போது உதவி தேட வேண்டும்?

அளவு மீறி வேகமாகச் சாப்பிடுவது, மறைந்து சாப்பிடுவது, சாப்பிட்ட பின் வெட்கப்படுவது ஆகியவை வாரந்தோறும் தொடர்ந்தால் அரசாங்கக் கிளினிக்கில் சொல்லுங்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் உணவு முறையைத் திடீரென மாற்றக் கூடாது. மருந்து அப்படியே இருக்க உணவு மட்டும் குறைந்தால் சீனி அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும்.

மனம் விட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் 15555 எண்ணையும், பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.