மஸ்ஜிதுந் நபவீயில் ஒரு மருத்துவக் கூடாரம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் மீதும் அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! தொழுகைக்கும் விருந்துக்கும் ஒழுக்கம் இருப்பதைப் போலவே மருத்துவரிடம் செல்வதற்கும் மார்க்கத்தில் ஒழுக்கம் உண்டு. அதன் தொடக்கத்தைத் தேடினால், மதீனாவின் பள்ளிவாசலுக்கே வந்து சேர்கிறோம்.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு (கி.பி. 627) நடந்த அகழ்ப்போரில், அவ்ஸ் கோத்திரத் தலைவர் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கையில் அம்பு தைத்துக் கடுங்காயம் ஏற்பட்டது. அருகிலிருந்து நலம் விசாரிப்பதற்காக, நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலேயே அவரைக் கூடாரத்தில் தங்கவைத்தார்கள். அது அஸ்லம் குலத்துப் பெண்மணி ருஃபைதா (ரலி) அவர்கள் காயமுற்றோருக்குச் சிகிச்சையளித்து வந்த கூடாரம் என்று இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்களில் உடன்சென்று நோயுற்றோரையும் காயமுற்றோரையும் கவனித்தார்கள். ஆண் பெண்ணுக்கும் பெண் ஆணுக்கும் மருத்துவம் செய்வது பற்றி இமாம் புகாரி (ரஹ்) தமது தொகுப்பில் தனித் தலைப்பே அமைத்துள்ளார்கள்.

ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் நேரில் சென்று, அவருடைய நெஞ்சில் கைவைத்துப் பார்த்தார்கள். அத்துடன் நில்லாமல், ஸகீஃப் குலத்து மருத்துவர் ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லுமாறு பணித்ததாக அபூதாவூதில் காணப்படுகிறது. ஹாரிஸ் இஸ்லாத்தை ஏற்றாரா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் அவருடைய திறமையே கருத்தில் கொள்ளப்பட்டது. துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் இஸ்ஹாக் இப்னு அலீ அர்ருஹாவீ மருத்துவ ஒழுக்கம் பற்றி இருபது அத்தியாயங்களில் அரபு நூலொன்றை இயற்றினார். மருத்துவருக்குரிய கடமைகளோடு, நோயாளி மருத்துவரின் சொல்லை ஏற்று நடப்பதும், பார்க்க வருவோரிடம் நடந்துகொள்ளும் முறையும் அதில் இடம்பெற்றுள்ளன.

இவ்வொழுக்கங்கள் கட்டட வடிவமும் பெற்றன. டமாஸ்கஸில் நூருத்தீன் ஸங்கீ நிறுவிய மருத்துவமனையின் மருந்துகளால் சிகிச்சை பெற்ற கலாவூன், பின்னர் எகிப்தின் சுல்தானாகி 1284இல் கெய்ரோவில் மன்ஸூரீ மருத்துவமனையைக் கட்டினார். ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி வக்ஃபு வருவாயிலிருந்து அங்கே சிகிச்சை அளிக்கப்பட்டது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. 1288இல் மறைந்த மருத்துவமேதை இப்னுந் நஃபீஸ் தம் வீட்டையும் நூல்களையும் அதற்கே வழங்கிச் சென்றார்.

இவ்வரலாற்றில் நாணம் பேணப்பட்டது. ஆனால் நாணத்தின் பெயரால் சிகிச்சை தடுக்கப்படவில்லை. ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்த முறையும் இதுவே: பெண்ணுக்குப் பெண் மருத்துவரை முதலில் நாட வேண்டும், கிடைக்காவிடில் ஆண் மருத்துவரிடம் செல்லலாம், கணவரோ மஹ்ரமோ உடனிருக்க வேண்டும், தேவையான பகுதியை மட்டும் தேவையான அளவுக்கே காட்ட வேண்டும்.

இருந்தும், மார்பில் தோன்றிய கட்டியை வெட்கத்தால் மறைத்து, நோய் முற்றிய பின்னரே மருத்துவரை நாடும் சகோதரிகள் நம்மிடையே உள்ளனர். அவர்களைத் தாமதிக்கச் செய்வது மார்க்கமன்று. மார்க்கத்தைப் பற்றிய நமது அறியாமையே. இதை வீட்டில் எடுத்துரைக்கும் பொறுப்பு ஆண்களாகிய நம்முடையது. மருத்துவரிடம் நோயை மறையாது கூறுவோம். நோயாளியைப் பார்க்கச் சென்றால் கூட்டம் கூட்டாமல், நல்வார்த்தை கூறி, துஆச் செய்து, விரைவில் திரும்புவோம்.

அன்று இறையில்லத்திலேயே நோயாளிக்கு இடம் கிடைத்தது. இன்று நம் உள்ளத்திலேனும் அவர்களுக்கு இடமளிப்போமாக! வல்ல அல்லாஹ் நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.